180, 240, 480: மீஞ்சூர் தொழிலாளியின் நாள் கணக்கு

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அன்று விடிகாலை மீஞ்சூரில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போனவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்தான். ஷிப்ட் முடிந்து அவர்கள் திரும்பிய அன்று மாலைக்குள் அந்தச் சட்டத்தின் காலம் முடிந்திருந்தது. 2019-லும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஐந்தாறு ஆண்டுகள் கிடப்பில் கிடந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அன்றே அமலுக்குக் கொண்டுவந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. மத்தியச் சட்டங்கள் 29, நான்கு தொகுப்புகளுக்குள் அடங்கின. பன்ச் மெஷின் மட்டும் வழக்கம்போல 'பீப்' என்றது.

வடசென்னையைத் தாண்டினால் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஒரே தண்டவாளத்தில் கோத்த ஊர்கள். மேற்கே வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது. கிழக்கே அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. வடக்கே கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள், ரோலிங் மில்கள். அதற்கும் மேற்கே தேர்வாய் கண்டிகையில் டயர் தொழிற்சாலை. ஏகாம்பரேஸ்வரரும் வரதராஜப் பெருமாளும் இருப்பதால் 'வடகாஞ்சி' என்று பெயரெடுத்த மீஞ்சூர், இன்று மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கும் ஊர். இங்கே யாரிடம் புதிய சட்டம் பற்றிக் கேட்டாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்பது ஒரே இடத்தில்: "லீவு உண்டா சார்?"

உண்டு. ஆனால் அதை நாள் எண்ணித்தான் கொடுக்கிறார்கள்.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆவது பிரிவுப்படி, ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு. கம்பெனிகளில் 'ஈ.எல்.' என்று சொல்வது இதைத்தான். பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய புதிய தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. 20-க்கு 1 என்ற விகிதம் மாறவில்லை. பிரசவ விடுப்பு 26 வாரத்தையும், கம்பெனியே லே-ஆஃப் கொடுத்து உட்கார வைத்த நாட்களையும் 180-க்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். கேட்டும் மறுத்துவிட்டார்கள் என்றால் அதற்கு வரம்பே கிடையாது. ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் பணமாகவும் கொடுத்தாக வேண்டும்.

தாளில் நல்ல மாற்றம்தான். மாதம் 26 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 240-ஐத் தொட ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். 180-ஐ ஏழு மாதத்திலேயே தாண்டிவிடலாம். பேரோலில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. அவர் எப்படியும் ஆண்டு முழுக்க வருகிறவர். யாருக்குப் பெரிது என்றால் காண்ட்ராக்டில் இருப்பவருக்கு.

மீஞ்சூர் பஜாரில் ஒரு டீக்கடை பெஞ்சில், அப்படி ஒருவர் தன் மூன்று சம்பளச் சீட்டுகளை விரித்துக் காட்டினார். உருக்கு ஆலை ஒன்றில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம் என்றார், நமக்கும் வேண்டாம். சீட்டின் தலைப்பில் கம்பெனி பெயர் இல்லை, காண்ட்ராக்டர் பெயர்தான் இருந்தது. வேலை நாள், பண்டிகை விடுமுறை, ஓ.டி. மணி, எல்.ஓ.பி. என்று வரிசையாகக் கட்டங்கள். ஈ.எல். என்றும் ஒரு கட்டம், நேரே 0.00. பழைய சீட்டை எடுத்தார். அதிலும் 0.00, ஆனால் தலைப்பில் வேறொரு காண்ட்ராக்டர் பெயர். "ஆள் நான்தான் சார். மெஷின் அதேதான். சூப்பர்வைசரும் அதே ஆளுதான். பேப்பர்ல மட்டும் நான் புது ஆளு."

இதற்கு இந்த வட்டாரத்தில் 'பிரேக்' என்று பெயர். ஒன்பதாவது மாதம் முடியும்போது ஒரு வாரமோ பத்து நாளோ வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பிறகு வேறு காண்ட்ராக்டர் பெயரில் கேட் பாஸ் வரும். ஒன்பது மாதம், மாதத்துக்கு 26 நாள். பெருக்கிப் பார்த்தால் 234. இருநூற்று நாற்பதுக்கு ஆறு நாள் குறைவு. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நல்ல கணக்குப் பிள்ளை.

ஆனால் அந்தக் கணக்குப் பிள்ளை ஒரு வரியைத் தொழிலாளியிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ, தானாக விலகினாலோ, 240 நாள் முடியாவிட்டாலும், வேலை செய்த நாட்களுக்கு 20-க்கு 1 வீதம் விடுப்புச் சம்பளத்தைக் கணக்கு முடிக்கும்போது கொடுக்க வேண்டும் என்று பழைய 79-ஆவது பிரிவிலேயே இருந்தது. புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. 234 நாள் வேலை செய்தவருக்குப் பன்னிரண்டு நாள் சம்பளம் வர வேண்டும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி அத்தனையும் கைக்கு வர வேண்டும். டீக்கடை நண்பரிடம் இதைச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிற்சங்கப் பெரியவர் சிரித்தார். "தம்பி, உனக்கு எத்தனை செட்டில்மெண்ட் ஆச்சு?" என்று கேட்டார். "செட்டில்மெண்டா? கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான் அண்ணே."

ஆக 240 போய் 180 வந்ததால் பிரேக் ஒழிந்துவிடும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. ஒன்பது மாத பிரேக் ஆறு மாத பிரேக்காகச் சுருங்கலாம். புதிய தொகுப்பு அதற்கும் ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர், அந்த ஆண்டின் மிச்ச நாட்களில் நாலில் ஒரு பங்கு வேலை செய்திருந்தாலே விடுப்புக்குத் தகுதி. பழைய சட்டத்தில் இது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. ஜூலையில் புதுப் பெயரில் சேர்க்கப்படுகிறவருக்கு இது கைகொடுக்கும். ஆனால் கொடுக்கச் சொல்லி யார் போய்க் கேட்பது?

அடுத்த எண், 480. இது டெல்லிச் சட்டமல்ல, நம்முடையது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-இல் வந்த பணி நிரந்தரச் சட்டம்: 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். மாதம் சராசரியாக 20 நாள் வந்தால் போதும். நவம்பர் 21-இல் போன 29 சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டமும் இல்லை. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டமும் இல்லை. 'எல்லாம் மாறிவிட்டது, இனி புதுச் சட்டம்தான்' என்று ஹெச்.ஆர். சொன்னால், அதில் பாதி உண்மை.

480 நாள் சட்டம் இருக்கும்போதே ஏன் இத்தனை காண்ட்ராக்ட் என்று கேட்கலாம். 'இவர் எங்கள் தொழிலாளி அல்ல, காண்ட்ராக்டரின் தொழிலாளி' என்று கம்பெனி சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன. பிரேக் கொடுப்பது 240-க்காக மட்டுமல்ல, 480-ஐயும் மனதில் வைத்துத்தான்.

1958 சட்டத்தின் கணக்கு எளிது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், பண்டிகைக்கென்று ஐந்து நாளும், ஆக ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் மாற்று விடுமுறையும். தீபாவளி, ஆயுத பூஜை, பொங்கல் என்று ஐந்து நாளும் எளிதில் நிரம்பிவிடும். அசாமிலிருந்து வந்தவருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம்: மாக் பிஹு பொங்கலோடும், போஹாக் பிஹு சித்திரைப் பிறப்போடும் வந்துவிடுகின்றன. பீகார்க்காரரின் சட் பூஜைக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் இல்லை. அது தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும், லாஸ் ஆஃப் பேயில்.

இனி சி.எல். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு கேஷுவல் லீவும் சிக் லீவும் சட்டத்திலேயே இருக்கின்றன என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தில் அவை இருந்ததே இல்லை. புதிய தொகுப்பிலும் இல்லை. விந்தை என்னவென்றால், மீஞ்சூர் பஜாரில் ஜவுளிக் கடையில் நிற்கும் பையனுக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஈட்டிய விடுப்பு 12, உடல்நலமின்மைக்கு 12, இதர காரணங்களுக்கு 12 என்று தாளில் எழுதியே கொடுத்திருக்கிறது. (அவனுக்கு உட்கார ஸ்டூல் கிடைக்கவே 2021 செப்டம்பரில் தனியாக ஒரு திருத்த மசோதா தேவைப்பட்டது என்பது வேறு கதை.) ஆலைத் தொழிலாளிக்கு சி.எல். வருவது இரண்டு வழியில்: ஒன்று ஆலையின் பணி விதிகளை எழுதிவைக்கும் நிலையாணை, இன்னொன்று பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவில் சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம்.

அந்த முதல் வழியில்தான் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு கை வைத்திருக்கிறது. பழைய மத்தியச் சட்டத்தில் 100 தொழிலாளர் இருந்தாலே நிலையாணை கட்டாயம். இப்போது அந்த வரம்பு 300. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பும் அப்படியே 100-லிருந்து 300-க்குப் போனது. அதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நிலையாணை பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கும்மிடிப்பூண்டியில் இருநூறு பேரோடு ஓடும் ஒரு ரோலிங் மில்லை நினைத்துப் பாருங்கள். அங்கே எத்தனை நாள் சி.எல்., எப்போது ஆப்சென்ட், எத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுப்பார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்தாக வேண்டிய கட்டாயம் இனி இல்லை. ஈ.எல்-ஐ 180-க்கு இறக்கியதில் கிடைத்ததைவிட, இதில் போனது அதிகம் என்பது என் கணக்கு.

அது மட்டுமல்ல. ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களில் பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு எடுத்தால், அதுவே வேலைநிறுத்தம் என்று இதே தொகுப்பு வரையறுக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு இது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த நிபந்தனை. இப்போது எல்லா ஆலைகளுக்கும். முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லாத ஒரு லீவு, எல்லோரும் சேர்ந்து எடுத்தால் மட்டும் சட்டத்தின் கண்ணில் பட்டுவிடுகிறது! பத்து மத்தியத் தொழிற்சங்கங்கள் 2025 நவம்பர் 26-இல் நாடு முழுக்கத் தெருவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டு அரசு இந்த விஷயத்தில் சுத்தமான கையோடு நிற்கிறதா என்றால், 2023 ஏப்ரல் ஞாபகத்துக்கு வருகிறது. ஏப்ரல் 12-இல் சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா வைக்கப்பட்டது. 65-ஏ என்று ஒரு புதிய பிரிவு. தினசரி வேலை நேரம், வார விடுமுறை, ஓய்வு இடைவேளை, ஓ.டி. சம்பளம் பற்றிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் பிரிவு. 12 மணி நேர வேலைக்கு வாசல். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் லீவு எடுக்கலாம், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர்கள் தங்கம் தென்னரசும் சி.வி. கணேசனும் விளக்கினார்கள். கர்நாடகம் இரண்டு மாதம் முன்னால் இதே போன்ற ஒன்றைச் செய்திருந்தது. ஏப்ரல் 21-இல் மசோதா நிறைவேறியபோது கம்யூனிஸ்டுகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் என்று ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. 24-ஆம் தேதி தொழிற்சங்கங்களோடு பேச்சு, அன்றே நிறுத்திவைப்பு. மே முதல் நாள் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். சிங்காரவேலர் 1923-இல் இதே சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. அந்த நூற்றாண்டில் 12 மணி நேரச் சட்டத்தோடு மேடை ஏற எந்த முதல்வருக்குத்தான் மனம் வரும்?

'மூன்று நாள் லீவு' என்ற வாதம் மீஞ்சூரில் எடுபடாததற்குக் காரணம் எளிமையானது. இங்கே பலர் ஓ.டி. சேர்த்து ஏற்கெனவே 12 மணி நேரம் பார்க்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் குறைவு. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஓ.டி-யில்தான் ஓடுகின்றன. 12 மணி நேரமே சாதாரண ஷிப்ட் ஆகிவிட்டால், கூடுதல் நான்கு மணிக்கு இரட்டைச் சம்பளம் எங்கே? அவர்கள் பயந்தது அதற்குத்தான், களைப்புக்கு அல்ல.

விடுப்பு என்று வரும்போது அரசு ஊழியருக்கும் ஆலைப் பெண்ணுக்கும் இருக்கிற இடைவெளியை எந்தத் தொகுப்பும் தொடவில்லை. பொன்னேரியில் அரசுப் பள்ளிக்குப் போகும் ஆசிரியைக்கு, 2021 ஜூலை 1 முதல் பிரசவ விடுப்பு 12 மாதம். 2025 ஏப்ரலில், அந்த விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்திலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதல்வர் அறிவித்தார். கொரோனாவில் நிறுத்திய ஈட்டிய விடுப்புச் சரணும் (விடுப்பைக் கொடுத்துப் பணமாகப் பெறுவது) 2025 அக்டோபர் 1 முதல் 15 நாளுக்குத் திரும்பி வந்தது. அதே ரயிலில் அடுத்த பெட்டியில் கும்மிடிப்பூண்டி ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி 26 வாரம். அதுவும் ஈ.எஸ்.ஐ-யில் இருந்தால், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மறுபடி நாள் கணக்கு. கர்நாடகம் 2025 கடைசியில் ஆலைப் பெண்களுக்கும் சேர்த்து மாதம் ஒரு நாள் மாதவிடாய் விடுப்பு கொண்டுவந்திருக்கிறது. எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் அது வரவில்லை.

இரவு ஷிப்டில் மட்டும் நாம் முந்திக்கொண்டோம். பெண்கள் இரவு 7-க்குப் பிறகு ஆலையில் இருக்கக் கூடாது என்ற தடையை 2000 டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. போக்குவரத்து, பாதுகாப்பு என்று அப்போது விதித்த நிபந்தனைகளைத்தான், சம்மதம் என்ற சொல்லோடு சேர்த்து, புதிய தொகுப்பு இன்று நாடு முழுக்க விரித்திருக்கிறது.

இந்தப் பகுதியின் கட்டுமானத் தளங்களிலும் துறைமுகங்களிலும் பாரத்தைச் சுமப்பவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில், குடியிருப்பிலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தபோது இழப்பீடு கேட்டுத் திரண்ட கூட்டம் கல்வீச்சில் முடிந்தது. அதே மாதம் 30-ஆம் தேதி, வயலூர் அருகே எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அசாம்காரர்கள். இவர்களுக்குப் புதிய தொகுப்பு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரப் பயணப்படி தரச் சொல்கிறது. தரகர் மூலம் வந்தவர் மட்டுமல்ல, தானாக ரயிலேறி வந்தவரும் புலம்பெயர் தொழிலாளிதான் என்று ஒப்புக்கொண்டது இதில் உருப்படியான விஷயம். முப்பது நாள் வரை விடுப்பைச் சேர்த்துவைக்கலாம் என்ற வரியும் உள்ளூர்க்காரரைவிட இவர்களுக்கே அதிகம் உதவும்: குவாஹாட்டிக்கு இரண்டு நாள் லீவில் போய்வர முடியாது.

ஆலைகள் மாநில அரசின் அதிகார வரம்பில் வருகின்றன. ஆகவே தொகுப்புகளுக்கான விதிகளை எழுத வேண்டியது கோட்டைதான்: எந்தப் பதிவேடு, எந்தப் படிவம், எத்தனை மணி ஓ.டி. என்று. ஆய்வாளருக்கும் பெயர் மாறியிருக்கிறது. இனி அவர் 'ஆய்வாளர் மற்றும் வசதியாளர்'. யாருக்கு வசதி செய்கிறார் என்பது கேட்டைத் தாண்டிய பிறகே தெரியும். நான் விதி எழுதுகிறவனாக இருந்தால் ஒரு வரி சேர்ப்பேன்: காண்ட்ராக்டர் மாறினாலும், ஒரே கேட்டுக்குள் ஒரே ஆள் வேலை செய்த நாட்களைத் தொடர்ந்து எண்ண வேண்டும்.

அதுவரை நாள் எண்ண வேறு வழி இல்லாமலும் இல்லை. டீக்கடைப் பெரியவர் அந்த நண்பரின் போனை வாங்கி, ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைப் போட்டுத் திறந்து காட்டினார். சந்தா கட்டும்போது மாதாமாதம் எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுத்தோம் என்று முதலாளி எழுதியே ஆக வேண்டும். காண்ட்ராக்டர் பெயர் மாறினாலும் தொழிலாளியின் காப்பீட்டு எண் மாறாது. பெயர் மாறிய மாதத்துக்கு முன்னும் பின்னும் நாட்கள் வரிசையாக இருந்தன. நண்பர் ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினார். "ஒரு மாசம் 24 போட்டிருக்கான் அண்ணே, நான் 27 நாள் போனேன்" என்றார். "அந்த மாச சீட்டை எடு" என்றார் பெரியவர்.